கவுட்டும் வி.ஏ. இழப்பீடும்: பரிசோதனை நாளில் வலிக்காத காலுக்குக் கிளெய்ம் செய்வது எப்படி?

என் தங்கை வீட்டுச் சமையலறையில் ஒரு தமிழ் மாதக் காலண்டர் தொங்குகிறது. அமாவாசைக்கும் ஏகாதசிக்கும் நடுவே சில தேதிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வ.கணு 4’, ‘இ.பெரு 6’ என்று எழுதியிருப்பாள். வலது கணுக்கால் நான்கு நாள், இடது பெருவிரல் ஆறு நாள் என்று பொருள். அவள் கணவருக்குக் கவுட், யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கி வலிக்கும் நோய். அமெரிக்க ராணுவத்தில் இருந்து வந்தவர். அவருடைய இழப்பீட்டு விண்ணப்பத்தில் கடைசியில் கைகொடுத்தது இந்தக் காலண்டர்தான். ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒரு கட்டு இருந்தன, அவை அத்தனை உதவவில்லை.

2009இல் தொடங்கி 2016 வரை நடந்த ‘மாவ்னி’ திட்டத்தின் கீழ், குறிப்பிட்ட மொழி தெரிந்த வெளிநாட்டவர்கள் கிரீன் கார்டு இல்லாமலேயே அமெரிக்கப் படையில் சேர முடிந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. மாப்பிள்ளை அப்படிச் சேர்ந்தவர். அந்த வழியில் போன நம்மவர்கள் பலர் இப்போது நாற்பதுகளில் இருக்கிறார்கள். கவுட் தலைகாட்டுகிற வயது அது. அவருக்காக நான் நிரப்பிய படிவங்கள், செய்த தவறுகள் எல்லாவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

எதற்குப் பணம் தருகிறார்கள்?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையைத்தான் எல்லாரும் சுருக்கமாக வி.ஏ. என்கிறோம். அது தரும் இயலாமை இழப்பீடு, பணிக்காலத்தோடு தொடர்புள்ள உடல்குறைக்கு மாதாமாதம் வரும் தொகை. அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. பணிவிலக்கம் ‘கண்ணியக் குறைவானது’ என்ற வகையில் இல்லாதிருக்க வேண்டும்.

யூரிக் அமிலம் கூடியிருப்பது மட்டும் வி.ஏ. கணக்கில் நோய் ஆகாது, அது ஆய்வகத்து எண். டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம் இருந்தும் ஆயுள் முழுவதும் ஒரு விரல்கூட வீங்காதவர்கள் இருக்கிறார்கள். அந்த அமிலம் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டுக்குள் இறங்கி, நள்ளிரவில் போர்வை பட்டாலே அலறவைக்கிறதே, அதற்குத்தான் கவுட் என்று பெயர். அதிலும் வி.ஏ. அளப்பது மூட்டின் இழப்பை. எந்த மூட்டு, எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை நாள் முடக்குகிறது என்பதுதான் கேள்வி.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கவுட் வரும், பத்து நாள் ஆட்டிவைக்கும், போய்விடும். பரிசோதனைக்கு அழைக்கிற நாளில் கால் சாதுவாக இருக்கும். “கால் நன்றாக இருக்கிறதே மச்சான், என்னத்தைக் காட்டுவது?” என்று மாப்பிள்ளை வண்டியிலேயே கேட்டார். போய்விட்ட வலியைத் தாளில் நிறுத்திவைப்பதற்குத்தான் இனிச் சொல்லப்போகும் அத்தனை வேலையும்.

தேதியைப் பிடித்துவையுங்கள்

தாள்களைத் திரட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘விண்ணப்பிக்கும் எண்ணம்’ என்ற அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். படிவ எண் 21-0966. இணையத்திலோ தொலைபேசியிலோகூடச் செய்யலாம். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், இழப்பீடு அந்த முதல் தேதியிலிருந்தே கணக்காகும். நோயையும் பணியையும் இணைக்கும் மருத்துவர் கடிதத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தாலும் அந்த எட்டு மாதப் பணம் கைவிட்டுப் போகாது.

படையிலிருந்து விலகி ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு இன்னும் நல்லது. அதற்குள் விண்ணப்பித்தால் விலகிய மறுநாளே தொடக்கத் தேதி. இன்னும் பணியில் இருப்பவர்கள், விலகுவதற்கு 180 நாள் முதல் 90 நாள் வரையிலான இடைவெளியில் முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

தாள்களைத் திரட்டுவது

டிடி-214 என்ற பணிவிலக்கச் சான்று, பணிக்கால மருத்துவப் பதிவுகள், பணிக்குப் பிந்தைய மருத்துவர்களின் குறிப்புகள், மருந்துச் சீட்டுகளின் வரலாறு ஆகியவை வேண்டும். பணிக்காலப் பதிவுகளை வி.ஏ.யே வரவழைக்கும், அது அவர்கள் கடமை. இருந்தாலும் எஸ்.எஃப்.-180 படிவம் போட்டு உங்களுக்கென்று ஒரு பிரதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாதம் கட்ட முடியாது.

அதைப் படிக்கும்போது ‘கவுட்’ என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். முதல் தாக்குதலை யாரும் கவுட் என்று எழுதுவதில்லை. மாப்பிள்ளையின் கோப்பில் 2012இல் ஒரு வரி: இடது பாதத்தில் வலி, வீக்கம், சிவப்பு. காயம் எதுவும் நினைவில்லை என்கிறார். சுளுக்கு. மூன்று நாள் இலகு வேலை, ஐபுப்ரோஃபென். ஆறு மாதம் கழித்து அதே பாதம், அதே சிவப்பு. இம்முறை தோல் தொற்று என்று ஆன்டிபயாடிக். யூரிக் அமிலம் பார்க்கவே இல்லை. விலகி இரண்டு வருடம் கழித்து ஒரு தனியார் மருத்துவர் மூட்டில் ஊசி போட்டு நீரெடுத்து, துருவமுனை ஒளி நுண்ணோக்கியில் படிகத்தைக் கண்ட பிறகுதான் பெயர் கிடைத்தது. காயமே இல்லாமல் வந்த ‘சுளுக்கு’, காய்ச்சல் இல்லாத ‘தொற்று’, ஒரே பாதத்தில் திரும்பத் திரும்ப வந்த வீக்கம் ஆகிய வரிகளின் மேல் கோடு போட்டுவையுங்கள். மருத்துவர் கடிதம் எழுதும்போது பிடித்துக்கொள்ளும் கயிறு அவைதான்.

பழைய தலைமுறை வீரர் யாருக்காவது உதவுகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் ராணுவ, விமானப்படைக் கோப்புகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் எரிந்துபோயின. கோப்பு இல்லை என்ற பதில் வந்தால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். அத்தகைய வழக்கில் உதவும் கடமை வி.ஏ.வுக்குக் கூடுதலாகவே உண்டு. கூடப் பணியாற்றியவர்களின் சாட்சி, அந்தக் காலத்துக் கடிதங்கள் எல்லாம் அங்கே எடுபடும்.

பணித் தொடர்பைக் காட்டும் வழிகள்

நேர்வழி: கவுட் பணிக்காலத்திலேயே தொடங்கியது என்று காட்டுவது. இதில் பலர் தேவையில்லாமல் தடுமாறுகிறார்கள். ‘ராணுவமா எனக்குக் கவுட் கொடுத்தது? அப்பாவுக்கும் இருந்ததே, நானும் பீர் குடிப்பேனே’ என்று தயங்கி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ராணுவம் காரணமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. முழுநேரப் பணியில் இருந்தபோது தொடங்கியிருந்தால் போதும். பரம்பரை உடல்வாகு இருப்பது வேறு, நோய் தொடங்குவது வேறு. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் கவுட் குறிக்கப்படவில்லை என்றால், அன்று நீங்கள் நலமாக இருந்தீர்கள் என்றே வி.ஏ. கொள்ள வேண்டும்.

ரிசர்வ், நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படைகளின் வீரர்கள் மட்டும் கவனிக்கவும். பயிற்சிக்கான முழுநேரப் பணியில் வந்த நோய் கணக்கில் சேரும். வாரயிறுதிப் பயிற்சியில் காயம்தான் சேரும், கவுட் போன்ற நோய் சேராது.

இன்னொரு கதவும் உண்டு. விலகிய ஒரு வருடத்துக்குள் இழப்பீடு பெறும் அளவுக்கு வெளிப்பட்டால் பணித் தொடர்பு உள்ளதாகவே கொள்ளப்படும் நாள்பட்ட நோய்களின் பட்டியலில் மூட்டுவாதம் இருக்கிறது. ‘கவுட்’ என்ற பெயர் அதில் தனியாக இல்லை. ஆகவே அந்த ஒரு வருடத்துக்குள் உங்களுக்கு வந்திருந்தால், விண்ணப்பத்தில் வெறுமனே ‘கவுட்’ என்று போடாமல் ‘கவுட் மூட்டுவாதம்’ என்று எழுதி அந்த வாதத்தையும் வையுங்கள்.

இரண்டாம் நிலைத் தொடர்பு: ஏற்கெனவே வி.ஏ. ஏற்றுக்கொண்ட ஒரு நோயோ அதன் மருந்தோ கவுட்டைக் கொண்டுவந்தது, அல்லது இருந்த கவுட்டை மோசமாக்கியது என்று காட்டுவது. என்னைக் கேட்டால், அதிகம் பேர் தவறவிடும் வழி இதுதான். சில சங்கிலிகள்:

உயர் ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகள் கொடுப்பார்கள். அவை யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைக்கும். இது எந்த மருத்துவரும் மறுக்காத விஷயம். ரத்த அழுத்தம் ஏற்கப்பட்டிருந்தால், மாத்திரை தொடங்கிய தேதியையும் முதல் கவுட் தாக்குதலின் தேதியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள்.

வியட்நாம் வீரர்களுக்கு இது மிகவும் முக்கியம். வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்ததாகவே வி.ஏ. கொள்ளும் நோய்களின் பட்டியலில் கவுட் இல்லை. ஆனால் 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான பாக்ட் சட்டம் உயர் ரத்த அழுத்தத்தை அதில் சேர்த்தது. நீரிழிவும் இதயத் தமனி நோயும் முன்பே இருந்தன. கவுட் நேராக நுழைய முடியாத வீட்டுக்குள் ரத்த அழுத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நுழையலாம்.

சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் தேங்கும். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள், முதுகு வலிக்கு வருடக்கணக்கில் வலிமாத்திரை விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த வழியில் வரலாம்.

உடல் பருமன் தனியாக இழப்பீட்டுக்கு உரியதல்ல. ஆனால் நடுவில் நிற்கும் கண்ணியாக இருக்கலாம் என்று வி.ஏ.யின் தலைமை வழக்கறிஞர் அலுவலகமே 2017இல் கருத்துரை தந்திருக்கிறது. பணியில் முழங்கால் போனது, நடமாட்டம் குறைந்தது, எடை ஏறியது, கவுட் வந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று வேண்டும். எடை பதிவான தேதிகள் இங்கே பேசும்.

மருத்துவர் கடிதம்

நெக்ஸஸ் கடிதம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். நோயையும் பணியையும் இணைத்து மருத்துவர் தரும் கருத்து. தேவைப்படும் அளவுகோல் பெரிதல்ல: ‘இல்லை என்பதற்கு எவ்வளவு வாய்ப்போ, ஆம் என்பதற்கும் குறைந்தது அவ்வளவு வாய்ப்பு உண்டு’. பாதிக்குப் பாதி என்றாலே போதும். தராசு சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு என்பது சட்டம். ‘இருக்கக்கூடும்’, ‘சாத்தியம் உண்டு’ என்று மருத்துவர் மென்மையாக எழுதினால் அந்தக் கடிதம் எடுபடாது.

கடிதத்தின் எடை காரணத்தில் இருக்கிறது. பதிவுகளைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். எந்தத் தேதியின் எந்தக் குறிப்பு கவுட்டோடு எப்படிப் பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். மாற்று விளக்கங்களையும் அவரே எடுத்துப் பேச வேண்டும். குடி, இறைச்சி, குடும்பத்தில் பிறருக்கு இருப்பது ஆகியவற்றைப் பரிசோதகர் கட்டாயம் எழுப்புவார். அவை இருந்தும் சிறுநீர்ப் பெருக்கி ஏன் குறைந்தது சம பங்கு வகிக்கிறது என்று நம் மருத்துவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். உங்கள் குடும்ப மருத்துவரின் பழைய குறிப்பில் ‘வாரம் ஆறு பீர்’ என்று இருக்கும். மறைத்தது தெரிந்தால் மற்ற எல்லாச் சொல்லும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

நோட்டுப் புத்தகம், சாட்சிக் கடிதம்

ஒவ்வொரு தாக்குதலுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: தொடங்கிய தேதி, மூட்டு, எத்தனை நாள், அந்த நாட்களில் முடியாமல் போனவை. நான்காவதுதான் உயிர். ‘கடும் வலி, 10க்கு 9’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘செருப்புக்குள் கால் நுழையவில்லை. குளியலறைக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போனேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணுக்குத் தெரியும். தாக்குதலை அடக்கும் கால்சிசின் மாத்திரை எடுத்தீர்களா, மருத்துவமனைக்குப் போனீர்களா, விடுப்பா என்பதையும் சேர்க்கலாம். வீங்கிய காலைத் தேதியோடு படமெடுங்கள், வீங்காத காலையும் பக்கத்தில் வைத்து.

வீட்டார் சாட்சிக்குப் படிவம் 21-10210. நோயின் பெயரைச் சொல்ல மனைவிக்குத் தகுதியில்லை என்று தள்ளலாம். கண்ணால் கண்டதைச் சொல்ல யாருக்கும் தகுதி உண்டு. தங்கையின் முதல் வரைவில் ‘என் கணவர் மிகவும் துன்பப்படுகிறார்’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் காலண்டரை எடுத்து வரச் சொன்னேன். பதினான்கு மாதங்களில் ஒன்பது வட்டங்கள். ஐந்து கணுக்கால், மூன்று பெருவிரல், ஒரு முழங்கால். தாள்களைப் படியெடுத்து, ‘வ.கணு’ என்றால் என்ன என்று விளக்கும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைத்தோம். தமிழில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பு கூட இருந்தால் போதும்.

விண்ணப்பம்

படிவம் 21-526ஈஇசட். இணையத்தில் நிரப்புவது எளிது. தனியார் மருத்துவமனைப் பதிவுகளை வி.ஏ. கேட்டு வாங்க 21-4142 படிவத்தில் ஒப்புதல் தர வேண்டும். நானாக இருந்தால் நானே வாங்கி இணைத்துவிடுவேன்.

நான் செய்த தவறு இந்தப் படிவத்தில்தான். நோய் என்ற இடத்தில் ‘இடது பெருவிரல் கவுட்’ என்று போட்டுவிட்டேன். பெருவிரலில்தானே தொடங்கியது! பரிசோதனையில் பெருவிரலை மட்டும் பார்த்தார்கள். பணித் தொடர்பு ஏற்கப்பட்டு, சதவீதம் 0 என்று கடிதம் வந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு மூட்டையும் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும்: கவுட் மூட்டுவாதம், இரு கணுக்கால்கள், இடது பெருவிரல், வலது முழங்கால். இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருப்பதை விடாதீர்கள் என்கிறேன்.

உதவிக்கு டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக வருவார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்கக் கட்டணம் வாங்க யாருக்கும் சட்டப்படி அனுமதி இல்லை. ‘கிடைக்கும் தொகையில் ஆறு மாதப் பங்கு கொடுங்கள்’ என்று விளம்பரம் செய்பவரைக் கண்டால் கதவைச் சாத்துங்கள்.

பரிசோதனை நாள்

‘சி அண்ட் பி’ என்று அழைக்கப்படும் இழப்பீட்டுப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். போகாமல் இருந்துவிடாதீர்கள், கோப்பு அப்படியே நிராகரிப்புக்குப் போகலாம். முடியாவிட்டால் உடனே கூப்பிட்டு வேறு நாள் கேளுங்கள்.

கவுட்டுக்கு நிரப்பப்படும் வினாத்தாள், படிக மூட்டுவாதம் உள்ளிட்ட சிதைவுசாரா மூட்டுவாதங்களுக்கானது. மூட்டு வாரியாகக் கோணமானியால் அளப்பார்கள். நீங்களாக மடக்கும்போது, அவர் மடக்கும்போது, எடை தாங்கி நிற்கும்போது என்று தனித்தனியாக. வலி தொடங்கும் புள்ளியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை மடக்கிக் காட்டுவது ராணுவப் பழக்கம். அங்கே தாளில் ஏறுவது அந்தக் கடைசி டிகிரிதான்.

இனி, வலியே இல்லாத நாளாக இருந்தால்? இரண்டு தீர்ப்புகளை நினைவில் வையுங்கள். இரண்டும் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள். ஷார்ப் எதிர் ஷல்கின், 2017: தாக்குதல் நேரத்தில் பரிசோதிக்கவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பரிசோதகர் கை கழுவ முடியாது. தாக்குதல் எப்போது வரும், எவ்வளவு நாள், எவ்வளவு கடுமை, அப்போது எவ்வளவு இயங்க முடியும் என்று உங்களிடமே கேட்டு, பதிவுகளையும் பார்த்து, அந்த நேரத்து இழப்பை மதிப்பிட முயல வேண்டும். ஆர்டிசன் எதிர் பிரவுன், 1994: ஏறி இறங்கும் நோயை அது கிளர்ந்திருக்கும் கட்டத்தில் பார்ப்பதே முறை.

ஆகவே அந்த அறையில் உங்கள் வேலை, கேள்வி வருவதற்குக் காத்திருக்காமல் நோட்டை மேசையில் வைப்பது. “இன்று வலியில்லை. போன பன்னிரண்டு மாதத்தில் எட்டு முறை வந்தது. வந்தால் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் கணுக்கால் இவ்வளவுதான் அசையும்” என்று காலை அசைத்தே காட்டுங்கள். இரண்டாம் முறை மாப்பிள்ளை அப்படித்தான் செய்தார். மருந்துகளை வழக்கம்போல் எடுத்துக்கொண்டே போங்கள். பரிசோதனைக்காக, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோப்யூரினாலை நிறுத்துவது முட்டாள்தனம்.

இன்னொரு உபாயம்: அடுத்த தாக்குதல் வரும்போது வீட்டில் படுத்திருக்காமல் அன்றே ஒரு மருத்துவமனைக்குப் போய், ‘இந்த மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது என்று எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். பரிசோதகர் காணாத நாளுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அன்றைய ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாக இருந்தாலும் கலங்காதீர்கள். தாக்குதலின்போது அது தற்காலிகமாக இறங்குவது உண்டு.

சதவீதம் எப்படி வருகிறது?

கவுட்டின் குறியீட்டு எண் 5017. இணையத்தில் தேடினால் ‘வருடத்துக்கு ஒன்றிரண்டு தாக்குதலுக்கு 20, மூன்று அல்லது அதற்கு மேல் 40’ என்ற பழைய அட்டவணை இன்னும் கிடைக்கும். 2021 பிப்ரவரி 7இல் விதி மாறிவிட்டது. அந்த அட்டவணையின் தலைப்பிலேயே இப்போது ‘கவுட் நீங்கலாக’ என்று இருக்கிறது. இன்று கவுட்டை, பாதித்த மூட்டின் அசைவுக் குறைவை வைத்துத் தேய்மான மூட்டுவாதம் போல மதிப்பிடுகிறார்கள். எக்ஸ்ரேயை மட்டும் வைத்துத் தரும் 10, 20 சதவீதம் கவுட்டுக்குக் கிடையாது. பழைய விதியில் ஏற்கெனவே சதவீதம் பெற்றவர்கள் பயப்பட வேண்டாம். நோய் குறைந்ததாகக் காட்டாமல், விதி மாறியதை மட்டும் சொல்லி அதைக் குறைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கணுக்காலுக்கு: பாதத்தை மேல்நோக்கி மடக்குவது 15 டிகிரிக்குக் குறைவு அல்லது கீழ்நோக்கி நீட்டுவது 30க்குக் குறைவு என்றால் 10 சதவீதம். மேலே 5க்கும் குறைவு அல்லது கீழே 10க்கும் குறைவு என்றால் 20. முழங்கால் மடங்குவது 45 டிகிரியில் நின்றால் 10, 30இல் நின்றால் 20, 15இல் நின்றால் 30. இந்த எண்களோடு உங்கள் தாக்குதல் நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். வீங்கிய கணுக்கால் 5 டிகிரி அசையுமா?

அளவு எட்டாவிட்டாலும் மத்திய விதித்தொகுப்பின் 4.59 விதி (38 சி.எஃப்.ஆர். 4.59) இருக்கிறது. அசைக்கும்போது வலிக்கும் மூட்டுக்கு, அந்த மூட்டுக்குரிய குறைந்தபட்ச இழப்பீட்டுச் சதவீதமாவது தர வேண்டும். பெரும்பாலும் அது 10. பெருவிரல் இங்கேயும் தகராறு செய்கிறது. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் பெரிய மூட்டுகள். விரல் மூட்டுகள் பல சேர்ந்து பாதிக்கப்பட்டால்தான் ஒரு தொகுதியாகப் பெரிய மூட்டுக்குச் சமம். ஒற்றைப் பெருவிரல் தொகுதி ஆகாது. என் முதல் விண்ணப்பம் பூஜ்யத்தில் நின்ற கதை இதனால்தான். கவுட்டென்றாலே பெருவிரல் என்று ஊர் சொல்கிறது. வி.ஏ. சட்டத்தில் பெருவிரலுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

சதவீதங்களை வி.ஏ. கூட்டாது. மிச்சமிருக்கும் உடலில் சதவீதம் போடும். மனக்காயத்துக்கு 50, காதிரைச்சலுக்கு 10, இரு கணுக்காலுக்கும் தலா 10 என்று வைப்போம். இரு காலிலும் இருப்பதால் இருபக்கக் காரணி என்ற சலுகை உண்டு. 10உம் 10உம் இணைந்தால் 19. அதில் பத்திலொரு பங்கு 1.9ஐக் கூட்ட, 21 என்று கொள்வார்கள். 50க்குப் பிறகு மிச்சம் 50, அதில் 21 சதவீதம் 10.5, ஆக 61. மிச்சம் 39இல் 10 சதவீதம் 3.9, ஆக 65. ஐந்தில் முடிந்தால் மேலே ஏறும்: 70. இருபக்கக் காரணியை யாராவது மறந்தால் 64 வரும், அது 60 ஆக இறங்கும். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து ஒரு வருடம் நடப்பில் இருந்த விகிதத்தில், தனி நபருக்கு 60 சதவீதம் மாதம் 1,395.93 டாலர், 70 சதவீதம் 1,759.19 டாலர். ஒரு கணக்குப் பிழைக்கு மாதம் 363 டாலர்! முடிவுக் கடிதம் வந்ததும் இந்தக் கூட்டலை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

10 சதவீதம் மட்டும் என்றால் அதே விகிதத்தில் 175.51, 20க்கு 346.95. ஒவ்வொரு டிசம்பரிலும் விலைவாசியை ஒட்டி மாறும். 30 சதவீதம் முதல் மனைவி, பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை உண்டு.

முடிவு பிடிக்கவில்லை என்றால்

ஒரு வருடம் அவகாசம். 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள். புதிய, பொருத்தமான சான்று இருந்தால் துணை விண்ணப்பம், படிவம் 20-0995. சான்று போதும், படித்தவர் தவறாகப் படித்தார் என்றால் மேல்நிலை மறுஆய்வு, 20-0996. இதில் புதுத் தாள் எதையும் சேர்க்க முடியாது. ஷார்ப் தீர்ப்புப்படி தாக்குதல் நேரத்து இழப்பைப் பரிசோதகர் மதிப்பிடவே இல்லை என்றால் இந்த வழி பொருந்தும். மூன்றாவது, படைவீரர் மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. நீதிபதி முன் பேசலாம், காலம் பிடிக்கும். ஒரு வருடத்துக்குள் அடுத்த அடியை வைத்துக்கொண்டே போனால் பழைய தொடக்கத் தேதி காப்பாற்றப்படும்.

பூஜ்யம் என்ற முடிவைக் கிழித்துப் போடாதீர்கள். பணித் தொடர்பு ஏற்கப்பட்டுவிட்டது, அந்த நோய்க்கு வி.ஏ. மருத்துவமும் உண்டு. கடினமான பாதி முடிந்தது என்று பொருள். நாங்கள் கணுக்கால்களையும் சேர்த்து, காலண்டர் படிகளோடு துணை விண்ணப்பம் போட்டோம். இரண்டு கணுக்காலுக்கும் தலா 10 வந்தது, முதல் தேதியிலிருந்தே.

கிடைத்த பிறகு

கவுட் சும்மா இருப்பதில்லை. டோஃபஸ் என்ற யூரிக் அமிலக் கட்டிகள், சிறுநீரகக் கல் என்று கிளை விடும். அந்தக் கல்லையும் இரண்டாம் நிலைத் தொடர்பாகக் கேட்கலாம். வேலையே பார்க்க முடியாத நிலை வந்தால் படிவம் 21-8940 மூலம் முழு விகிதம் கேட்க வழியுண்டு. அதற்கு ஒரே நோய் 60 சதவீதமோ, அல்லது ஒன்று 40ஆக இருந்து மொத்தம் 70ஓ வேண்டும். கவுட்டால் கெட்ட மூட்டுகள் அனைத்தும் ஒரே மூலத்தால் வந்தவை என்பதால், இந்தக் கணக்குக்கு மட்டும் அவை ஒன்றாகவே கொள்ளப்படும். ஓய்வுக்குப் பிறகு மதுரையிலோ கோவையிலோ குடியேறினாலும் தொகை வரும். பணித் தொடர்புள்ள நோய்க்கான சிகிச்சைச் செலவுக்கு வெளிநாட்டு மருத்துவத் திட்டம் இருக்கிறது.

சதவீதத்தை உயர்த்தக் கேட்கும்போது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நோய் கூடியதற்குச் சான்று இருந்தால், கூடிய அந்த நாளிலிருந்தே உயர்வைப் பெறலாம். போன வருடத்துக் காலண்டர் தாள்களைத் தங்கை சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இந்த வருடத் தாளில் புதிதாக ஒரு குறிப்பு வந்திருக்கிறது: ‘இ.முட்டி 3’.